மலைநாட்டுக் கழிவுநீரும் போசணைப் பொருள்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பற்றி எழுந்த வரலாறுகளிற் பெரும்பாலானவை மலைமேல் ஏறிச் சென்றவற்றின் வரலாறுகளாகவே அமைந்துள்ளன. கோப்பிக் கன்று ஏறியது. அதனைத் தொடர்ந்து தேயிலை ஏறியது. தென்னிந்தியத் தொழிலாளர் கால்நடையாக ஏறினர். பின்னர் இருப்புப்பாதை ஏறியது. அதன்வழி அரிசி மூடைகளும் உர மூடைகளும் ஏறின. மலையிலிருந்து இறங்கியவற்றுள் முறையாகக் கணக்கெழுதப்பட்டது தேயிலைப் பெட்டி ஒன்றே. அப்பெட்டியைப் போலவே நாள்தோறும் இறங்கியும் எவராலும் கணக்கெழுதப்படாத பொருள்கள் இரண்டு உள. நீரிற் கரைந்தும் மண்ணோடு ஒட்டியும் ஓடைவழியே சென்ற நைதரசனும் பொசுபரசுமே அவை.

பயிரின் வேரிற் சேரும்போது உரம் என்றும், அதே பொருள் ஏரியிற் சேரும்போது மாசு என்றும் வழங்கப்படுவது நோக்கற்பாலது. பொருள் ஒன்றே, இடமே வேறு. ஆகவே கழிவுநீரிலுள்ள போசணைப் பொருள்களைக் குறைத்தல் என்பது பொறியியலாளருக்கு மட்டும் உரிய வினாவன்று. எவருடைய கழிவு எங்கே செல்கிறது, அதனை எவர் பொறுப்பேற்கின்றனர், எவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டனர் என்னும் வரலாற்று வினாவும் அதனுள் அடங்கும். நுவரெலியா, அட்டன் பகுதிகளை மையமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஏரியும் நகரமும்

1819ஆம் ஆண்டளவில் மருத்துவர் ஜோன் டேவி கண்டு எழுதிய நுவரெலியாச் சமவெளி காடும் புல்வெளியும் சதுப்பும் நிறைந்த இடமாக இருந்தது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் அதனை ஆங்கிலேயரின் உடல்நல வாசத்தலமாக ஆக்கினார். 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் அங்கே குடியேற்றமொன்றை அமைத்து ஐரோப்பிய மரக்கறிகளையும் கால்நடைகளையும் வளர்க்க முற்பட்டார். நகரம் விரிவுற்றபோது சதுப்புநிலம் இடையூறாகத் தோன்றியது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாயிருந்த வில்லியம் கிறகரி, பீதுருதாலகாலை மலையிலிருந்து வரும் தலகல ஓடையை மறித்து அணைகட்ட 1873இல் அனுமதியளித்தார். அவர் பெயரால் வழங்கும் ஏரி இவ்வாறு தோன்றியது. 1881இல் அதில் திரவுட் மீன்குஞ்சுகள் விடப்பட்டன; 1913இல் ஏரி நீர் சுரங்கவழியாக நீர்மின் நிலையமொன்றுக்குத் திருப்பப்பட்டது.

ஏரி அமைத்தோரின் நோக்கம் நிலத்தை உலர்த்துவதும் காட்சியை அழகுபடுத்துவதுமே. ஆனால் அறியாமலே அவர்கள் வேறொன்றையும் செய்தனர். ஓடும் நீர் தான் சுமப்பதை எடுத்துச் செல்லும். தேங்கிய நீரோ சுமந்து வந்ததை இறக்கி வைக்கும். சதுப்புநிலம் இருந்தவரை அதன் கோரையும் புல்லும் வரும் போசணையை உறிஞ்சி வைத்தன. சதுப்பு அழிந்து ஏரியானபின், மேலேயுள்ள நகரமும் விடுதிகளும் தோட்டங்களும் விடுத்தவை யாவும் ஏரியின் அடியிற் சேரலாயின. இயற்கை கொடுத்திருந்த சுத்திகரிப்பு நிலையத்தை நீக்கிவிட்டு அவ்விடத்திலேயே கழிவு சேரும் தொட்டியொன்றை அமைத்தது போலாயிற்று அது. பொசுபரசின் இயல்பு இங்கே குறிப்பிடத்தக்கது. அது களிமண் துணிக்கைகளோடு ஒட்டிக்கொண்டு ஏரியின் அடியில் படியும். அடிநீரில் ஒட்சிசன் குறையும் காலத்தில், படிந்த பொசுபரசு மீண்டும் கரைந்து மேலெழும். ஆகவே ஏரி பல தலைமுறைகளின் கழிவை ஒரே காலத்தில் வெளிக்காட்ட வல்லது. சேற்றைத் தோண்டியெடுப்பதால் கிடைக்கும் பயன், மேலிருந்து புதிதாக வருவது குறையாதவரை நிலைப்பதில்லை.

2. ஏறிய உரமும் இறங்கிய மண்ணும்

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர் அதனிடத்தைப் பிடித்தது. இருப்புப்பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானு ஓயாவையும் அடைந்தது. அதன்பின் மலையின் போசணைக் கணக்கு முற்றாக மாறியது.

உலர்ந்த தேயிலைக் கொழுந்தில் நூற்றுக்கு நான்கு பங்களவு நைதரசன் உண்டு. ஒரு மெற்றிக்தொன் தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 40 கிலோகிராம் நைதரசன் மலையை விட்டுப் போகிறது. போனதை ஈடுசெய்யாவிடில் மண் வறண்டுவிடும். எனவே முதலிற் பிண்ணாக்கும் எலும்புத்தூளும், பின்னர் அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் மேலேற்றப்பட்டன. 1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் உரமிடுதலை அறிவியல் முறைப்படுத்தியது. இட்ட உரம் முழுவதும் கொழுந்தாக மாறுவதில்லை. ஒரு பகுதி நைத்திரேற்றாகி மழைநீரோடு நிலத்தடிக்கும், பொசுபேற்று மண்ணோடு ஓடைக்கும் சென்றன. தேயிலைக்கு இடையே ஒரு புல்லும் இருத்தலாகாது எனக் கருதிய பழைய தோட்ட முறை சரிவுகளின் மண்ணை வெறுமையாக்கியது. அதன் கேடு 1931ஆம் ஆண்டின் மண்ணரிப்புக் குழு அறிக்கைவரை அரசாங்கத்தின் கவனத்தை உரிய அளவிற் பெறவில்லை. தோட்டங்களிற் கான் வெட்டுதல் தனியொரு வேலையாகவே நிலைத்ததற்கு இம்மண்ணரிப்பே காரணம்.

சுதந்திரத்தின் பின் நுவரெலியாப் பள்ளத்தாக்கில் மரக்கறிச் செய்கையும் உருளைக்கிழங்குச் செய்கையும் பெருகின. தேயிலை பல்லாண்டுப் பயிராதலின் அதன் வேர் மண்ணைப் பிடித்து நிற்கும். மரக்கறி நிலமோ ஆண்டில் இருமுறை மும்முறை கிளறப்படுவது. சந்தை விலையை நம்பி வாழும் சிறு விவசாயி, விளைச்சல் தவறுமோ என்னும் அச்சத்தால் தேவைக்கு மேலாக உரமிடுவது இயல்பே. அம்மிகை மழைக்காலத்தில் ஓடையைச் சேர்கிறது.

ஆயினும் உரம் மட்டுமே மலைக்கு ஏறிய போசணையன்று. தொழிலாளர் உண்ட அரிசி நெடுங்காலம் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. ஐராவதி வண்டலின் பொசுபரசு அரிசி மணியிற் புகுந்து, கப்பலிலும் புகைவண்டியிலும் பயணஞ்செய்து, அட்டனிலும் பொகவந்தலாவையிலும் உண்ணப்பட்டு, இறுதியில் லயன்களின் அருகேயுள்ள குழியையோ ஓடையையோ அடைந்தது. இக்கணக்கின் அளவை எளிதாக உணரலாம். மனிதனொருவன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் நைதரசனையும் ஒன்று முதல் இரண்டு கிராம் வரை பொசுபரசையும் வெளியேற்றுகிறான். ஆயிரம் பேர் வாழும் தோட்டமொன்றில் ஓராண்டிற் சேரும் நைதரசன் 3,650 கிலோகிராம். அது யூரியா மூடைகள் ஏறத்தாழ நூற்றறுபதுக்குச் சமம். 90 மெற்றிக்தொன் தேயிலையோடு மலையைவிட்டுப் போகும் நைதரசனுக்கும் சமம். உரக் களஞ்சியத்தில் மூடை ஒன்று குறைந்தாற் கணக்குக் கேட்ட நிருவாகம் இதனை ஒருபோதும் பேரேட்டில் எழுதவில்லை.

3. லயனும் ஓடையும்

தோட்டத் தொழிலாளரின் சுகாதார வரலாறு சட்டங்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அவ்வரிசையில் முன்னிற்பது. 1912இல் வந்த சட்டங்கள் லயன்களின் சுத்தத்துக்குத் தோட்ட நிருவாகத்தைப் பொறுப்பாக்கின. 1916இல் றொக்பெல்லர் நிறுவகத்தின் துணையோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பியக்கம் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருட் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோரிடம் அப்புழு காணப்பட்டது. மருந்து கொடுத்தாற் புழு வெளியேறும். ஆனால் மலசலகூடம் இல்லாத இடத்தில் வெறுங்காலோடு நடப்பவர் உடலில் அது மீண்டும் புகும். இயக்கத்தினர் மலசலகூடங்கள் வேண்டுமென வற்புறுத்தினர். அவற்றைக் கட்டும் செலவைத் தோட்டச் சொந்தக்காரர் பலர் தாமதப்படுத்தினர். சுகாதாரக் கல்வி தொழிலாளருக்கு மட்டுமன்றி முதலாளிகளுக்கும் தேவைப்பட்டது என்பதை இவ்வியக்கம் உணர்த்திற்று.

இச்சீர்திருத்தங்கள் யாவற்றையும் ஒன்றாக வைத்து நோக்கின் அவற்றின் அடிப்படை நோக்கம் புலனாகும். தொழிலாளியின் உடல் வேலைக்கு உதவாது போய்விடலாகாது என்பதே அது. வாந்திபேதியும் கொளுக்கிப்புழுவும் கொழுந்து நிறையைக் குறைத்தன. ஆதலால் அவை எதிர்க்கப்பட்டன. ஓடையிற் கரையும் நைதரசன் எவருடைய வேலைநாளையும் உடனடியாகக் குறைக்கவில்லை. ஆதலால் அது எவர் கண்ணிலும் படவில்லை. லயனின் கானைத் துப்புரவு செய்த வாசக்கூட்டி தோட்டத்துச் சாதிப் படிநிலையிற் கடைநிலையில் வைக்கப்பட்டார். அவர் கூட்டித் தள்ளிய கழிவு கான்வழியே ஓடைக்குச் சென்றது. ஓடை கீழேயுள்ள இன்னொரு லயனின் பீலிக்கு அருகே ஓடியது. ஒரு மலைமுகட்டின் கழிவு அடுத்த பள்ளத்தின் குடிநீரோடு கலக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. பள்ளத்தாக்கின் கீழேயுள்ள சிங்களக் கிராமங்களும் அந்நீரையே நம்பியிருந்தன. தோட்ட மக்களின் கழிவும் கிராம மக்களின் கிணறும் ஒரே நீர்வழியின் இரு முனைகளாயிருந்தும், ஆட்சி அவர்களை ஒரே கணக்கிற் சேர்க்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதோருக்கு வாக்கில்லை. வாக்கில்லாதோர் வாழும் லயனுக்கு வடிகால் கேட்க மன்றமுமில்லை. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தின்கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கிடையில், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமப்புற உள்ளூராட்சியைப் புதிதாக அமைத்தது. அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட்டுப் பணிபுரியத் தடையாக நின்றது. குடியுரிமை மீளப் பெற்று, சபைத் தேர்தலில் வாக்களித்து, உறுப்பினரையும் அனுப்பிய தோட்ட மக்கள், அச்சபையின் வடிகாலுக்கும் வீதிக்கும் மட்டும் உரியராகவில்லை. இத்தடை 2018இல் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டத்தினாலேயே நீங்கியது.

நுவரெலியா மாவட்டத்து மக்களிற் பாதியளவினர் தோட்டங்களில் வாழ்வோர் என்பதை நினைவிற் கொண்டால் இவ்விலக்கலின் பொருள் விளங்கும். கழிவுநீர் முகாமை நகரசபைக்குரிய பொறுப்பென உலகெங்கும் பேசப்படுகிறது. ஆனால் மலைநாட்டில் நகரசபையின் எல்லை நகரத்தோடு முடிந்தது. பிரதேச சபையின் பணி தோட்டத்தின் வாயிலோடு முடிந்தது. தோட்டத்தின் அக்கறை கொழுந்தோடு முடிந்தது. ஓடை மட்டுமே இம்மூன்று எல்லைகளையும் கடந்து சென்றது.

4. நீர் பச்சையேறிய காலம்

இவ்வெல்லைகளுக்கிடையே கணக்கில்லாது சென்ற பொருள் ஓரிடத்தில் வெளிப்பட்டே ஆகவேண்டும். நானு ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவை அடைந்து, அதன்வழி கொத்மலை நீர்த்தேக்கத்திற் சேர்கிறது. துரித மகாவலித் திட்டத்தின் ஓர் அங்கமான அந்நீர்த்தேக்கம் 1985இல் நிறைவு பெற்றது. ஆறே ஆண்டுகளில், 1991இல், அதன் நீர்ப்பரப்பு பச்சை நிறமாக மாறியது. மைக்குரோசித்திசு என்னும் நீலப்பச்சை அல்கா பெருகியிருந்ததே காரணம். அவ்வினத்திற் சில வகைகள் ஈரலைப் பாதிக்கும் நஞ்சைச் சுரப்பவை. கொதிக்க வைப்பதனால் அந்நஞ்சு அழிவதில்லை. 1999இல் அதே ஆற்றுப் படுகையிற் கீழேயுள்ள கண்டி ஏரியிலும் அவ்வல்கா பெருகியது. கடைசிக் கண்டி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த ஏரி அது. கொத்மலையில் தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்திருந்தன. கண்டியில் நகரமும் விடுதிகளும் சூழ்ந்திருந்தன. வெவ்வேறு வாயில்களினூடே வந்தாலும் வந்த பொருள் ஒன்றே.

நீர்நிலையிற் போசணை மிகுந்து அல்காப் பெருக்கம் ஏற்படுவதை நற்போசணையாக்கம் என அறிவியல் நூல்கள் வழங்கும். பெயர் நற்போசணையெனினும் விளைவு நன்றன்று. அல்கா மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்கிறது, மீன் இறக்கிறது, நீரிற் சுவையும் மணமும் கெடுகின்றன, வடிகட்டும் நிலையங்களின் செலவு பெருகுகிறது. எந்தப் பொருள் இதற்கு முதற்காரணம் என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாயிருந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1973இல் டேவிட் சிண்ட்லரும் அவரது குழுவினரும் ஏரியொன்றைத் திரையிட்டு இரு கூறாக்கினர். ஒரு கூற்றில் காபனையும் நைதரசனையும் இட்டனர். மற்றதில் அவற்றோடு பொசுபரசையும் சேர்த்தனர். பொசுபரசு சேர்ந்த கூறு மட்டுமே பச்சையேறியது. நன்னீர் ஏரிகளிற் பொசுபரசே கதவின் திறவுகோல் என்பது அதனாற் பலருக்கும் புலனாயிற்று. ஒரு கிலோகிராம் பொசுபரசு ஏறத்தாழ நூறு கிலோகிராம் உலர்நிறையுள்ள அல்காவை உண்டாக்கப் போதியது. முன்னர்க் கூறிய ஆயிரம்பேர் தோட்டத்தின் ஓராண்டுப் பொசுபரசு, நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரைக் கிராமெனக் கொள்ளின், 500 கிலோகிராமுக்கு மேற்படும். அது முழுவதும் நீரைச் சேர்வதில்லை. பெரும்பகுதியை மண் பிடித்து வைக்கும். எனினும் ஓடைக்கரையில் அமைந்த குழிகளும் பெருமழையும் எஞ்சியதைக் கீழே அனுப்பப் போதியன.

5. சுத்திகரிப்பின் இரு நோக்கங்கள்

கழிவுநீரைச் சுத்திகரித்தலும் அதன் போசணைப் பொருள்களைக் குறைத்தலும் ஒன்றே எனக் கருதுவோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1914இல் மான்செஸ்டர் நகரில் ஆடனும் லொக்கற்றும் அறிவித்த உயிர்ப்பூட்டிய சேற்று முறையே நவீன சுத்திகரிப்பின் அடித்தளம். கழிவுநீருக்குக் காற்றூட்டி, அதில் வளரும் பற்றீரியாச் சேற்றை மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல் அதன் சாரம். அதன் குறிக்கோள் ஆற்றின் ஒட்சிசனைக் காப்பதாகும். அழுகும் பொருள் நீங்கி நீர் தெளிவடைந்தது. ஆனால் அதிற் கரைந்திருந்த நைதரசனிலும் பொசுபரசிலும் பெரும்பகுதி அப்படியே வெளியேறியது. சேற்றுப் பற்றீரியாக்கள் தம் வளர்ச்சிக்கென எடுப்பது, நீக்கப்படும் அழுகற் பொருள் நூறு பங்குக்கு நைதரசன் ஐந்து பங்கும் பொசுபரசு ஒரு பங்குமே. மனிதக் கழிவிலோ அவ்விரண்டும் இவ்வளவுக்கு மேலாகவே உண்டு.

எஞ்சியதை அகற்றும் முறைகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வளர்ந்தன. நைதரசனை அகற்ற இரு படிகள் வேண்டும். முதற்படியிற் காற்றுள்ள இடத்தில் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக்கும். இரண்டாம் படியிற் காற்றில்லாத இடத்தில் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றின் ஒட்சிசனைச் சுவாசித்து, நைதரசனை வாயுவாக வளிமண்டலத்துக்கு விடுவிக்கும். பொசுபரசு வாயுவாகாது, அதனைத் திண்மமாக்கியே பிரிக்கவேண்டும். படிகாரம், இரும்பு உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றுள் ஒன்றையிட்டுப் படியவைத்தல் ஒரு வழி. காற்றில்லாத தொட்டியையும் காற்றுள்ள தொட்டியையும் மாற்றி மாற்றிக் காட்டி, பற்றீரியாக்கள் தேவைக்கு மிஞ்சிப் பொசுபரசை விழுங்கச் செய்தல் மற்றொரு வழி. தென்னாபிரிக்காவில் ஜேம்ஸ் பார்னாட் 1970களில் இம்முறையை நகரசபைகளுக்குரியதாக வளர்த்தார். இவை யாவும் வெப்பநிலையைச் சார்ந்தவை. அமோனியாவை மாற்றும் பற்றீரியா குளிரில் மெதுவாகவே இயங்கும். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை அண்டி நிற்கும் நுவரெலியாவில், கொழும்புக்கென வகுத்த தொட்டி அளவு போதாது என்பதைத் திட்டமிடுவோர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மேனாடுகள் இதனைச் சட்டமாக்கிய வரலாறும் பயன் தருவது. அமெரிக்காவின் சியாற்றில் நகரையடுத்த வாசிங்டன் ஏரி 1950களிற் பச்சையேறியது. 1958இல் வாக்கெடுப்பின் மூலம் பொது அதிகார சபையொன்றை அமைத்த மக்கள், 1963 முதல் 1968 வரையான காலத்தில் ஏரியைச் சூழ்ந்த ஊர்களின் கழிவுநீர் முழுவதையும் ஏரியை விட்டுத் திருப்பினர். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. பேரேரிகளைப் பொறுத்தவரை, 1972இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட உடன்படிக்கை ஈரி, ஒன்ராறியோ ஏரிகளைச் சேரும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களின் பொசுபரசை இலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என வரையறுத்தது. இவ்விரு வெற்றிகளுக்கும் அடிப்படை ஒன்றே. பல ஊர்களையும் ஒரே நீர்ப்படுகையாகக் கருதிய ஆட்சியமைப்பு முதலில் உருவாயிற்று. குழாய்களும் தொட்டிகளும் அதன் பின்னரே வந்தன.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடற் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு வழிவகுத்தது. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடப்படும் கழிவுநீருக்கான நியமங்கள் 1990இல் வந்து 2008இல் திருத்தப்பட்டன. அவற்றின்படி கரைந்த பொசுபேற்று, பொசுபரசாகக் கணிக்கப்படுமிடத்து, இலீற்றருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஏரியொன்றை நற்போசணை நிலைக்குத் தள்ள இலீற்றருக்கு 35 மைக்குரோகிராம் பொசுபரசு போதுமென்பது உலகளாவிய ஏரி ஆய்வுகளின் முடிவு. நியமம் அதனிலும் நூற்றுநாற்பது மடங்கு பெரிது. பேராறொன்றில் விழுந்தால் அது கலந்து குறையும். சிற்றோடை வழியாக ஏரிக்கோ நீர்த்தேக்கத்துக்கோ செல்லும் கழிவுக்கு அவ்வாய்ப்பு இல்லை. சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடித்தும் ஏரி பச்சையேறலாம் என்பதே இதன் பொருள். நாட்டின் மக்கட்டொகையில் மிகச் சிறு பகுதிக்கே குழாய்வழிக் கழிவகற்றல் உண்டு. 2010இல் ஜப்பானியக் கடனுதவியோடு வகுக்கப்பட்ட கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டம் இத்துறையிற் குறிப்பிடத்தக்க முயற்சி. ஆயினும் அதன் எல்லையும் நகரமே.

6. மலைநாட்டுக்குரிய வழி

வாசிங்டன் ஏரியின் கழிவைத் திருப்பிவிட அருகே கடல் இருந்தது. மலைநாட்டிலிருந்து திருப்பிவிட வேறிடம் இல்லை. அட்டன் ஓயா மகாவலியின் தலைநீரோடைகளுள் ஒன்று. நோர்வூட், டிக்கோயாப் பகுதிகளின் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தினூடே களனி கங்கைக்குச் சென்று, கொழும்பு மக்களின் குடிநீராகிறது. மலையின் எத்திசையிற் கழிவு சரிந்தாலும் அங்கே எவரோ ஒருவரின் குவளை காத்திருக்கிறது. ஆதலால் இங்கே திருப்புதல் இயலாது, குறைத்தலே வழி.

குறைத்தலுக்கு மலையின் அமைப்பே சில வரையறைகளை விதிக்கிறது. நகரத்துக்கும் விடுதிகளுக்கும் போசணையகற்றும் நிலையம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. முகடுதோறும் சிதறிக் கிடக்கும் லயன்களையோ ஒரே குழாயால் இணைத்தல் பெருஞ்செலவு. அவற்றுக்கு லயன்தொகுதிதோறும் சிறு சுத்திகரிப்பு அமைப்பு, அதனையடுத்து நாணலும் கோரையும் வளர்ந்த செயற்கைச் சதுப்பு, குழிகளின் சேற்றை முறையாக அகற்றிப் பசளையாக்கும் நிலையம் ஆகியன பொருந்தும். 1873இல் நீக்கப்பட்ட சதுப்பின் பணியைச் சிறு அளவில் மீண்டும் நிறுவுவதே இது. ஆயினும் சதுப்பின் பயிரை அறுத்து அகற்றாவிடில் அது விழுங்கிய போசணை மீண்டும் நீருக்கே திரும்பும். ஆதலால் பராமரிப்புக்கு நிலையான ஊதியமும் பொறுப்பான கைகளும் வேண்டும். அக்கைகள் மீண்டும் கடைநிலையில் வைக்கப்பட்ட வாசக்கூட்டியின் கைகளாக இருத்தலாகாது. பயிற்சியும் பாதுகாப்பும் மதிப்பும் பெற்ற தொழிலாளரின் கைகளாக இருத்தல் வேண்டும். மரக்கறி நிலங்களில் மண்பரிசோதனைப்படி உரமிடுதலும் ஓடைக்கரையில் புல்வரம்பு விடுதலும் இதனோடு சேரவேண்டும். வயலின் மிகையை விட்டுவிட்டு லயனின் கழிவை மட்டும் அடக்குதல் நீதியுமன்று, பயனுடையதுமன்று.

இவ்வாறு கூறுமிடத்து, இப்பொருள்களின் மதிப்பு பற்றிய அண்மை வரலாறொன்றையும் நினைத்தல் தகும். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. தேயிலையும் நெல்லும் பாதிப்புற்றன. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கப்படும் நைதரசனும் பொசுபரசும் எவ்வளவு அரியவை என்பதை அம்மாதங்கள் நாட்டுக்கு உணர்த்தின. அதே மாதங்களிலும் லயன்களின் கான்வழியே அவ்விரு பொருள்களும் ஓடிக்கொண்டேயிருந்தன. வாங்கும்போது அருமையானதும் வீசும்போது அற்பமானதும் ஒரே பொருளென்பதை உணர்ந்த சமூகமே அதனை முறையாகக் கையாளும். கிருமி நீங்கப் பதப்படுத்தப்பட்ட பசளையாக அதனை மண்ணுக்குத் திருப்புதல், மாசைக் குறைப்பதோடு உரச் செலவையும் குறைக்கும்.

முடிவாக, மத்திய மலைநாட்டின் நீர் பச்சையேறியதற்கு அங்கு வாழும் மக்களின் அசுத்தமே காரணமெனக் கூறும் வழக்கு வரலாற்றுக்கு ஒவ்வாதது. மலசலகூடம் கட்டிக் கொடுக்கப்படாத காலத்தில் அவர்கள் அசுத்தமானோர் எனப்பட்டனர். வடிகால் மறுக்கப்பட்ட காலத்திலும் அவ்வாறே எனப்பட்டனர். கழிவு அவர்களுடையது, அதனை அகற்றும் உரிமையோ நூற்றாண்டுக்கு மேலாகப் பிறரிடம் இருந்தது. 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அவ்வுரிமையின் கதவைத் திறந்துள்ளது. திறந்த கதவினூடே நிதியும் திட்டமும் செல்லுமா என்பதே எஞ்சிய வினா. நகரசபையின் நியமத்தை எத்துணை இறுக்கினாலும், லயனும் வயலும் விடுதியும் ஒரே நீர்ப்படுகையின் உறுப்புகளாகக் கணக்கிடப்படாதவரை ஏரி தெளியாது. ஓடை இவ்வுண்மையைத் தொடக்கம் முதலே அறிந்திருந்தது. ஆட்சி அதனை இனியேனும் அறிதல் வேண்டும்.